ஷீட் ஃபிலிமை வீட்டிலேயே கழுவுதல்: குமரி மாவட்டத்து நிலக்காட்சிப் படக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கருப்பு-வெள்ளை ஃபிலிம் கழுவுவதற்கான கால அட்டவணைகள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையை அடிப்படையாக வைத்தே அச்சிடப்படுகின்றன. நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மாடித் தொட்டியிலிருந்து குழாயில் இறங்கும் நீர், நான் அளந்தவரை, ஆண்டின் பெரும்பகுதி 28 டிகிரிக்கு மேல்தான் இருக்கிறது. பங்குனி, சித்திரை நண்பகலில் 32 டிகிரியையும் தாண்டிவிடுகிறது. தனித்தனித் தாளாக வரும் 4×5 அங்குல ஷீட் ஃபிலிமை வீட்டுக் குளியலறையில் கழுவ விரும்பும் இம்மாவட்டத்துக்காரர் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் கேமராவும் அல்ல, லென்ஸும் அல்ல, இந்தத் தண்ணீர்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் வெப்பநிலை, நீர், ஈரப்பதம் ஆகிய மூன்றுக்கும் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 20 டிகிரியைத் துரத்த வேண்டாம். 24 டிகிரியைத் தேர்ந்துகொண்டு, ஊறவைக்கும் நீர் முதல் கடைசி அலசல் வரை எல்லாவற்றையும் அதே 24 டிகிரியில் வைத்திருங்கள். படத்தை வெளிக்கொணரும் மருந்தான டெவலப்பரை மட்டும் பனிக்கட்டி வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு 31 டிகிரி குழாய் நீரில் அலசினால், ஃபிலிமின் மருந்தைத் தாங்கும், குளிர்ந்திருந்த ஜெலட்டின் படலம் திடீரென ஊதி மென்மையாகிவிடும். அந்த நிலையில் விரல் நுனி பட்டாலே கீறல் விழும். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தேன். முட்டம் பாறைகளின் மேல் விரிந்த வானம் முழுவதும் நகக்கீறலோடு வந்த அந்த நெகட்டிவை இன்னும் வைத்திருக்கிறேன்.

24 டிகிரியின் கணக்கு

வெப்பநிலை ஏற ஏறக் கழுவும் நேரம் குறையும். ஃபிலிம் தயாரிக்கும் இல்ஃபோர்ட் நிறுவனம் தரும் எளிய விகிதம் இது: 20 டிகிரியில் 4 நிமிடம் என்றால் 23 டிகிரியில் 3 நிமிடம். அதாவது ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 10 விழுக்காடு நேரம் குறைகிறது. அந்நிறுவனத்தின் எஃப்பி4 பிளஸ் ஃபிலிமை டி-76 டெவலப்பரில் 1+1 என்று (ஒரு பங்கு டெவலப்பருக்கு ஒரு பங்கு நீர்) நீர்த்துக் கழுவ 20 டிகிரியில் 11 நிமிடம் என்பது பொதுக் கணக்கு. அவர்களின் எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கும் இதே கரைசலில் அதே 11 நிமிடம்தான். 24 டிகிரியில் இது சுமார் 7½ நிமிடமாகிறது. ட்ரேயில் தாள்களை இடைவிடாமல் மாற்றி மாற்றிக் கழுவும்போது, தொடர்ந்த அசைவின் காரணமாக மேலும் 15 விழுக்காடு வரை குறைக்க வேண்டும் என்பதால், 6½ நிமிடத்திலிருந்து தொடங்கலாம்.

இங்கே ஓர் எல்லை இருக்கிறது. 5 நிமிடத்துக்கும் குறைவாகக் கழுவினால், டெவலப்பர் எல்லா இடத்திலும் ஒரே சீராக வேலை செய்யாமல், நிலக்காட்சியில் கண்ணுக்கு உடனே படும் இடமான வானத்தில் திட்டுத்திட்டாகக் கறை விழும். இதே ஃபிலிமை 30 டிகிரியில் கழுவினால் கணக்குப்படி 4 நிமிடத்துக்குச் சற்று மேல்தான் வரும், அது போதாது. டெவலப்பரை நீர்க்காமல் பயன்படுத்தினாலும் இதே இக்கட்டு: எஃப்பி4 பிளஸுக்கு 20 டிகிரியில் 8½ நிமிடம் இருப்பது, 24 டிகிரியில் ட்ரேயில் 5 நிமிடத்துக்கு இறங்கிவிடுகிறது. எனவே நம் ஊர் வெப்பத்தில் 1+1 என்று நீர்த்துப் பயன்படுத்துவதைச் சிக்கனம் என்பதைவிட அவசியம் என்றே சொல்ல வேண்டும்.

நீர்ப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. சம அளவு கலக்கும்போது, கலவையின் வெப்பநிலை இரண்டின் சராசரியாக அமையும். அறையில் 30 டிகிரியில் இருக்கும் 500 மி.லி. டெவலப்பரோடு, குளிர்பதனப் பெட்டியின் நீரை 18 டிகிரிக்குச் சரிசெய்து 500 மி.லி. சேர்த்தால், ஒரு லிட்டர் கரைசல் 24 டிகிரியில் கிடைத்துவிடும். பனிக்கட்டியை டெவலப்பருக்குள் ஒருபோதும் போடக் கூடாது. உருகும் நீர் செறிவைக் குலைத்துவிடும். அதற்குப் பதிலாக, அகலமான பேசினில் 24 டிகிரி நீர் நிரப்பி, அதற்குள் ட்ரேயை வைத்து, பேசின் நீரில் மட்டும் உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தேவைக்கேற்ப இறக்கி எடுங்கள். தெர்மாமீட்டர் ஒன்றே ஒன்று போதும். ஆனால் எல்லாக் கரைசலையும் அந்த ஒன்றினால் மட்டுமே அளக்க வேண்டும். அது அரை டிகிரி தவறாகக் காட்டினாலும், எப்போதும் அதே தவறைக் காட்டுமானால் உங்கள் முடிவுகள் மாறாது.

மருந்துகள்

டி-76 பொட்டலமாகக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். கிடைக்காத காலத்தில் ஆய்வகத் தரமான மூலப்பொருள்களை வாங்கி வீட்டிலேயே கலப்பது கடினமல்ல. 52 டிகிரி வெப்பமுள்ள 750 மி.லி. நீரில், மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம் என்ற இதே வரிசையில், ஒன்று முழுதாகக் கரைந்த பிறகே அடுத்ததைச் சேர்த்து, இறுதியில் குளிர்ந்த நீர் ஊற்றி ஒரு லிட்டராக்க வேண்டும். சல்ஃபைட் நிறைந்த நீரில் மெட்டால் எளிதில் கரையாது என்பதால்தான் அது முதலில் வருகிறது. ஆனால் வெறும் நீரில் அது காற்றுப் பட்டுக் கெடாமலிருக்க, சல்ஃபைட்டில் ஒரு சிட்டிகையை மட்டும் முன்னதாகப் போட்டுக்கொள்வது நல்லது. போராக்ஸ் என்பது நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் வெண்காரமேதான் என்றாலும், அதன் தூய்மை கடைக்குக் கடை மாறுவதால் நான் அதை இதற்குப் பயன்படுத்துவதில்லை. நகைக்கடைகளில் வைத்திருப்பது போன்ற சிறிய மின்னணுத் தராசு இதற்குத் தேவை.

இன்னும் எளியது டி-23: மெட்டால் 7.5 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஒரு லிட்டர் நீர், அவ்வளவுதான். வெளிச்சப் பகுதிகளை மென்மையாகக் கொண்டுவரும் இயல்புடையது என்பதால், கடற்கரை வெயிலில் எடுத்த படங்களுக்கு எனக்கு இது மிகவும் பிடிக்கும். ஆனால் அதன் கழுவும் நேரத்தை நீங்களே சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்துக்கு ஒரு லிட்டர் நீரில் 15 முதல் 20 கிராம் சிட்ரிக் அமிலம் போதும். படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்சருக்கு, பழைய ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொல்லும் சோடியம் தயோசல்பேட் படிகம் 250 கிராமும் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் 25 கிராமும் ஒரு லிட்டருக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஹைப்போ கரையும்போது நீரின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். கை வைத்துப் பார்த்தால் பாத்திரம் சில்லிட்டுப் போயிருப்பது தெரியும். அதனால் 50 டிகிரி நீரில் தொடங்குங்கள். மெட்டாபைசல்ஃபைட்டைக் கரைசல் நன்றாகக் குளிர்ந்த பிறகே சேர்க்க வேண்டும். சூட்டில் சேர்த்தால் கந்தகம் பிரிந்து கரைசல் பால்போல் கலங்கிவிடும். ரேப்பிட் ஃபிக்சர் கிடைக்குமானால் அது வேகமானது, நீரில் விரைவாகவும் அகலும்.

மெட்டால் சிலருக்குத் தோலில் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடங்கவே கூடாது. அளவுக் குவளை, கரண்டி, புனல் எதுவும் மீண்டும் அடுக்களைக்குள் திரும்பக் கூடாது.

எந்தத் தண்ணீர்?

மணக்குடி முதல் தேங்காய்ப்பட்டணம் வரையிலான கரையோரத்தில் பல வீடுகளின் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிப்பது. டெவலப்பர் கலக்கவும் கடைசி அலசலுக்கும் அந்த நீர் ஆகாது. வடித்த நீரோ சுத்திகரிப்பான் நீரோ வேண்டும். ஆனால் இடைப்பட்ட அலசல்களுக்கு உப்பு நீரை ஒதுக்க வேண்டியதில்லை. கடல்நீரே ஹைப்போவை ஜெலட்டினிலிருந்து நன்னீரைவிட வேகமாக வெளியேற்றும் என்பது நெடுநாளாக அறியப்பட்ட உண்மை. ஃபிலிமில் தங்கும் உப்பை இறுதியில் நன்னீரால் முற்றிலும் நீக்கிவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கோடையில் நன்னீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் கடலோர ஊர்களில் இது சிறிய உதவியல்ல.

எடுக்கும்போதே தொடங்கும் கழுவல்

ஷீட் ஃபிலிமின் பெருஞ்சிறப்பு, ஒவ்வொரு தாளையும் அதன் காட்சிக்கேற்பத் தனித்தனியாகக் கழுவலாம் என்பதுதான். அமெரிக்க ஒளிப்படக்காரர்களான ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த, காட்சியின் ஒளியைக் கருமை முதல் வெண்மை வரை எண்ணிட்ட மண்டலங்களாகப் பிரிக்கும் மண்டல முறையின் அடிப்படையும் இதுவே: நிழலைப் பார்த்து ஒளி கொடுக்க வேண்டும், வெளிச்சத்தைப் பார்த்துக் கழுவ வேண்டும்.

மணவாளக்குறிச்சிக் கரையை எடுத்துக்கொள்வோம். அங்கே இல்மனைட் கலந்த கருமணலும் அதன்மேல் பரவும் வெண்ணுரையும் ஒரே சட்டத்துக்குள் வரும். கருமணலின் அலைவரிகள் தெரிய வேண்டுமானால், சிறு பகுதியின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் மணலை மட்டும் அளந்து, அது காட்டுவதைவிட 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து, மூன்றாம் மண்டலத்தில் வைக்க வேண்டும். அப்போது நுரை 6 ஸ்டாப் மேலே, ஒன்பதாம் மண்டலத்தில் விழுமானால், அதில் எந்த விவரமும் இல்லாமல் வெறும் வெள்ளையாகிவிடும். அந்தத் தாளை மட்டும் 20 விழுக்காடு குறைவாகக் கழுவினால் நுரை எட்டாம் மண்டலத்துக்கு இறங்கும். மணல் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருக்கும். இதற்கு நேர்மாறானது, மழைக்கால மூட்டத்தில் குலசேகரத்துக்கும் பேச்சிப்பாறைக்கும் இடையிலுள்ள ரப்பர்த் தோட்டம். மரத்தண்டும் இலையும் பனியும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடக்கும் அந்தக் காட்சிக்கு நேரத்தை 25 விழுக்காடு கூட்டலாம்.

6½ நிமிடத்தில் 20 விழுக்காடு குறைத்தால் 5¼ நிமிடம் ஆகிறது. முன்பு சொன்ன எல்லையை ஒட்டி வந்துவிடுகிறோம். எனவே நேரம் குறைக்க வேண்டிய தாள்களுக்கு 1+3 நீர்ப்பே சரியானது. டி-76க்கு நிகரான ஐடி-11 டெவலப்பரில் எஃப்பி4 பிளஸுக்கு 1+3இல் 20 டிகிரியில் 20 நிமிடம். 24 டிகிரியில் ட்ரேயில் அது ஏறத்தாழ 11½ நிமிடம். அதில் 20 விழுக்காடு குறைத்தாலும் 9 நிமிடத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் இந்த நீர்ப்பில் ஒரு லிட்டருக்கு இரண்டு தாளுக்கு மேல் கழுவ வேண்டாம். செறிவுக் கரைசல் 250 மி.லி. மட்டுமே அதில் இருப்பதால் மருந்து களைத்துவிடும்.

விடியற்காலைப் படங்களில் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு நொடிக்கு மேற்பட்ட ஒளிபாய்ச்சலில் ஃபிலிமின் உணர்திறன் குறையும். எஃப்பி4 பிளஸில் மீட்டர் 10 நொடி காட்டினால் 18 நொடியும், 30 நொடி காட்டினால் 73 நொடியும் கொடுக்க வேண்டும். தேரூர்க் குளத்தில் சூரியன் எழுமுன் எடுக்கும்போது இந்தத் திருத்தத்தை மறந்தால், பிறகு எவ்வளவு நேரம் கழுவினாலும் நிழலில் ஒன்றும் வராது.

இருட்டு

நிலவில்லாத இரவில் குளியலறையே போதுமான இருட்டறை. கதவிடுக்கில் கருந்துணியைச் செருகி, உள்ளே 10 நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கண் பழகிய பிறகு கை விரல் தெரிந்தால் அங்கே ஒளிக்கசிவு இருக்கிறது. வாட்டர் ஹீட்டரின் சிவப்பு விளக்கு, கைக்கடிகாரத்தின் ஒளிரும் முள், கைப்பேசி ஆகிய மூன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். எல்லா நிறத்துக்கும் உணர்வுள்ள பான்குரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பொளியும் பகைதான். நேரம் பார்க்க நான் கண்டுகொண்ட நல்ல வழி, என் குரலிலேயே "இப்போது டெவலப்பர், முதல் தாள், இப்போது ஒரு நிமிடம்" என்று முழு வரிசையையும் பதிவு செய்து, கைப்பேசியைக் கதவுக்கு வெளியே வைத்து ஓடவிடுவது.

ஃபிலிம் பெட்டியைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் திறக்கக் கூடாது. நம் காற்றின் ஈரம் குளிர்ந்த ஃபிலிமின்மேல் நீராகப் படியும். சில மணி நேரம் மூடியபடியே வெளியே இருக்கட்டும். கேமராவில் செருகும் ஹோல்டரில் ஃபிலிமை ஏற்றுமுன் தரையிலும் சுவரிலும் நீர் தெளித்துவிட்டால் தூசி அடங்கும். தாளின் விளிம்பிலுள்ள வெட்டுக்குறி மேல் வலது மூலையில் இருக்குமாறு நெடுக்காகப் பிடித்தால், மருந்து பூசிய பக்கம் உங்களைப் பார்க்கும். ஹோல்டரை மூடும் தகடான டார்க் ஸ்லைடின் வெள்ளை விளிம்பு வெளியே தெரிந்தால் எடுக்காத தாள், கருப்பு தெரிந்தால் எடுத்த தாள். இந்த வழக்கத்தை ஒருபோதும் மாற்ற வேண்டாம். உப்புக்காற்றில் நின்று எடுத்த நாளில் ஹோல்டர்களை ஈரத்துணியால் துடைத்து உலர்த்திய பிறகே உள்ளே வையுங்கள்.

ட்ரேயில் கழுவும் முறை

மூடிய டேங்குகளும் கிடைக்கின்றன. பேட்டர்சன் டேங்குக்குள் பொருந்தும் மாட்54 சட்டத்தில் 6 தாள்களை ஒரு லிட்டரிலும், எஸ்பி-445 டேங்கில் 4 தாள்களை 475 மி.லி.யிலும் கழுவலாம். அவை வசதியானவை, கீறலும் குறைவு. ஆயினும் ட்ரே முறையை விரிவாகச் சொல்கிறேன். ஆகும் செலவு மிகக் குறைவு; ஒவ்வொரு தாளையும் தனி நேரத்தில் வெளியே எடுக்கும் சுதந்திரமும் அதில்தான் முழுமையாகக் கிடைக்கிறது.

8×10 அங்குல ட்ரேக்கள் நான்கை இடமிருந்து வலமாக, நீர், டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்சர் என்று வரிசையாக வையுங்கள். விளக்கு எரியும்போதே வீணான தாள்களைக் கொண்டு, கண்ணை மூடியபடி பலமுறை பயிற்சி செய்யுங்கள். முதல் நாள் ஒரே ஒரு தாள், பழகிய பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று ஏறுவது நல்லது. நான்கு தாள்களின் மொத்தப் பரப்பு 36 படங்கள் கொண்ட ஒரு 35 மி.மீ. சுருளுக்குச் சமம், 1+1 கலவை ஒரு லிட்டர் அதற்குத் தாராளமாகப் போதும்.

விளக்கை அணைத்த பிறகு, உலர்ந்த ஒரு கையால் தாளை எடுத்து, நீரில், மருந்துப் பக்கம் மேலே இருக்குமாறு, முழுவதும் அமிழும்படி இறக்குங்கள். அது நன்றாக நனைந்த பிறகே அடுத்த தாள் இறங்க வேண்டும். அரைகுறையாக நனைந்த இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் பிரிப்பது பெரும்பாடு. நான்கில் ஒன்றை மட்டும் வெட்டுக்குறி எதிர்ப்புறம் வருமாறு திருப்பி வைத்தால், இருட்டில் அதைத் தொட்டு ஒரு சுற்று முடிந்ததை அறியலாம். இரண்டு நிமிடம் ஊறும்வரை, அடியிலுள்ள தாளை மெல்ல உருவி மேலே வைத்துக்கொண்டே இருங்கள்.

பிறகு 5 நொடிக்கு ஒரு தாளாக டெவலப்பருக்கு மாற்றுங்கள். அடித் தாளை அதன் நீண்ட விளிம்பைப் பிடித்து உருவி, சற்றே உயர்த்தி, மேலே சமமாகப் படுக்க வைத்து, விரல் வயிற்றால் மெதுவாக அமிழ்த்த வேண்டும். மூலை முதலில் இறங்கினால் கீழே இருக்கும் தாளின் ஜெலட்டினை அது உழுதுவிடும். கீறல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு தவற்றினால்தான் வருகின்றன. 5 நொடிக்கு ஒரு தாள் என்ற கதி மாறாமல், பதறாமல் தொடருங்கள். நேரம் முடிந்ததும் உள்ளே போன வரிசையிலேயே, அதே 5 நொடி இடைவெளியில், ஸ்டாப் பாத்துக்கு மாற்றுங்கள். அங்கே 30 நொடி போதும்.

ஹைப்போ ஃபிக்சரில் 10 நிமிடம், ரேப்பிட் ஃபிக்சரில் 1+4 கலவையானால் 3 முதல் 5 நிமிடம் இதே போல மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். பாதி நேரம் கடந்த பிறகு விளக்கைப் போடலாம். ஃபிக்சர் உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய, வீணான ஃபிலிம் துண்டொன்றை அதில் இட்டு, பால் நிறம் மறைந்து தெளிவாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அந்த நேரத்தின் இரு மடங்கே குறைந்தபட்ச நேரம். புதிய ஃபிக்சரில் தெளிய ஆன நேரத்தைப் போல இரு மடங்கு ஆகத் தொடங்கினால், அந்த ஃபிக்சர் தீர்ந்துவிட்டது.

எக்ஸ்ரே ஃபிலிம் பற்றி ஒரு சொல்

விலையை எண்ணித் தயங்குவோர் பச்சை ஒளிக்கு உணர்வுள்ள எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிப் பயன்படுத்தலாம். மங்கிய சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவ முடிவது தொடக்கநிலையினருக்குப் பெரிய பாடம். ஆனால் இரு பக்கமும் மருந்து பூசப்பட்டிருப்பதால் ட்ரேயின் அடியில் வழவழப்பான கண்ணாடி இட்டு, ஒரு நேரத்தில் ஒரு தாள் மட்டுமே கழுவ வேண்டும். சிவப்பை அது காணாது. தேரிமண்ணும் ஓட்டுக்கூரையும் கரியாக வரும்.

அலசலும் உலர்த்தலும்

ஓடும் குழாயடியில் அரை மணி நேரம் வைத்திருக்க வேண்டியதில்லை. ட்ரேயில் 24 டிகிரி நீர் ஊற்றி, ஒரு நிமிடம் தாள்களை மாற்றிக்கொண்டிருந்துவிட்டு முழுவதும் கொட்டிவிடுங்கள். இப்படிப் பத்து முறை. கடைசி இரண்டு முறை நன்னீர். முடிவில் வடித்த நீர் ஒரு லிட்டரில் 5 மி.லி. வெட்டிங் ஏஜென்ட் கலந்து ஒரு நிமிடம் வைத்தால், நீர்த்துளித் தழும்பு விழாது. நெகட்டிவைத் துணியாலோ விரலாலோ வழிக்க வேண்டாம்.

ஒரு மூலையில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். மின்விசிறி கூடாது, தூசியை ஈரமான ஜெலட்டினில் அறைந்துவிடும். மழைக்காலத்தில் உலர ஓர் இரவு முழுவதும் ஆகும், அந்நேரத்தில் ஈசலும் கொசுவும் வந்து ஒட்டிக்கொள்ளும், எறும்புக்கும் ஜெலட்டின் பிடிக்கும். நான் ஒரு சிறிய கொசுவலையைக் கூரைக் கொக்கியில் கட்டி, அதற்குள் கயிறு இழுத்துத் தொங்கவிடுகிறேன். அந்த வலையைக் கட்டிய பிறகு ஒரு நெகட்டிவையும் பூச்சிக்கு இழக்கவில்லை.

படித்துப் பார்த்தல்

உலர்ந்த நெகட்டிவை நாளிதழின்மேல் பகலொளியில் வையுங்கள். அதன் மிகக் கருத்த பகுதி வழியே அச்செழுத்தை அரும்பாடுபட்டு வாசிக்க முடிந்தால் கழுவிய நேரம் சரி. எழுத்தே தெரியாவிட்டால் நேரத்தைக் குறைக்கவும், எளிதாக வாசிக்க முடிந்தால் கூட்டவும் வேண்டும். நிழல் பகுதி கண்ணாடி போல் வெறுமையாக இருந்தால் அது கழுவலின் குறையல்ல, ஒளி போதவில்லை. ஒரே காட்சியை, ஒரே ஒளியில், நான்கு தாளில் எடுத்து, 5½, 6½, 7½, 8½ நிமிடம் என்று வெவ்வேறு நேரத்தில் வெளியே எடுத்துப் பாருங்கள். நான்கு தாள் செலவாகும் என்று மனம் தயங்கும். ஆயினும் உங்கள் தண்ணீருக்கும், உங்கள் கையின் கதிக்கும், உங்கள் தெர்மாமீட்டருக்கும் உரிய நேரத்தை எந்த அட்டவணையும் சொல்லாது.

நெகட்டிவ்களைக் காகித உறையில் இட்டு, சிலிக்கா ஜெல் போட்ட, இறுக மூடும் பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்துப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் வறுத்து மீண்டும் போடலாம். உறையின்மேல் இடம், நாள், ஃபிலிம், நீர்ப்பு, வெப்பநிலை, நேரம் ஆகியவற்றை எழுதிவிடுங்கள்.

பயன்படுத்திய டெவலப்பரை மிகுந்த நீரோடு கலந்து கழிவுநீரில் விடலாம். தீர்ந்த ஃபிக்சர் அப்படியல்ல. அதில் வெள்ளி கரைந்திருக்கிறது. குமரி மாவட்டத்தில் வளவுக்கு ஒரு கிணறு இருக்கிறது, தென்னையும் வாழையும் அதே நீரைத்தான் குடிக்கின்றன. எனவே ஃபிக்சரை ஒரு கேனில் சேர்த்துவைத்து, எக்ஸ்ரே நிலையங்களின் பழைய ஃபிக்சரை வாங்கி வெள்ளி பிரிப்போர் இருந்தால் அவர்களிடம் கொடுங்கள். இல்லையென்றால் அந்தக் கேனில் மெல்லிய இரும்பு நார் போட்டு ஒரு வாரம் ஊறவிடுங்கள். வெள்ளி கருஞ்சேறாக அடியில் படியும். அந்தச் சேற்றைத் தனியே எடுத்து வைத்த பிறகே, மீதமுள்ள நீரைக் கிணற்றுக்குத் தொலைவில் வெளியேற்ற வேண்டும்.